அவள் சொல்லும்வரை அடுப்பு எரியட்டும்

விடுதிப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு முழங்கால் வலி, பொறுமையும் குறைவு. கேற்றை எப்போது பூட்டுவது, தண்ணீர்த் தாங்கியை எப்போது கழுவுவது, அறை பிரிக்கிறபோது வருகிற சண்டையை எப்படித் தீர்ப்பது, இதெல்லாம் சுற்றறிக்கையில் இருக்கிறது. வாசியுங்கள். வாசிக்காவிட்டாலும் கொஞ்ச நாளில் பிள்ளைகளே உங்களுக்குப் படிப்பித்துவிடுவார்கள்.

நான் எழுதப்போவது எங்கள் விடுதிக் குசினி அடுப்பைப் பற்றி.

அதற்கு முன் ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, எனக்கு முன்னிருந்த வோர்டன் அம்மா எல்லா அறைப் பூட்டுக்குமான திறப்புக் கோர்வையை என் கையில் வைத்து, "திறப்பு உம்மடை கையிலை, அறை பிள்ளையளின்ரை. இதை மறந்தீரெண்டா இந்த வேலை உமக்குச் சரிவராது" என்றார். வேறெதுவும் சொல்லித் தரவில்லை. ஒரு தேத்தண்ணிகூடத் தரவில்லை. எனக்கு அது வெறும் அதிகாரப் பேச்சாகத்தான் பட்டது. ஓய்வு பெறுவதற்கு முந்திய மழைக்காலத்தில்தான் அது முழுதாக விளங்கியது.

அந்த மழை எங்களுக்கும் பெய்தது. நல்லூர் ஒழுங்கைகளில் தண்ணீர் நின்றது, புத்தூர்ப் பக்கம் வெங்காயம் பாத்தியோடு அழுகியது, பிறகு எல்லாம் வடிந்துவிட்டது. மலைநாட்டில் அப்படி வடியவில்லை. அங்கே மலைச்சரிவுகளே பெயர்ந்து, வீதிகளையும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களையும் இழுத்துக்கொண்டு இறங்கின. மின்சாரமும் போய், தொலைபேசியும் போய்விட்டது. எங்கள் பெண்கள் விடுதியில் மலைநாட்டுப் பிள்ளைகள் கொஞ்சப்பேர் இருந்தார்கள். கைபேசியைக் காதில் வைத்தபடி மாடிப்படியிலேயே குந்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக வீட்டுக் குரலைக் கேட்டு, அழுது, முகம் கழுவிக்கொண்டு சாப்பிட வந்தார்கள்.

ஒருத்திக்கு மட்டும் அந்தக் குரல் வரவில்லை. அவள் பெயர் மேனகா. இரண்டாம் வருடம், கலைப்பீடம். தகப்பன் அவளின் சின்ன வயதிலேயே இறந்துபோனார். தாய் கொழுந்து பறிக்கிறவர், லயத்தில் தனியாக இருந்தார். மேனகாவின் அண்ணன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. அவன்தான் அவளுக்கு அழைத்துச் சொன்னான்: எங்கள் லயம் இருந்த சரிவு இறங்கிவிட்டது, தப்பினவர்களைப் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள், அம்மா அவர்களோடு இருக்கிறாவோ தெரியாது, நான் நடந்தாவது போய்ப் பார்க்கிறேன், நீ அங்கேயே இரு. அவள் தானும் போகிறேன் என்று பையைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். போக வீதி இல்லை என்று நான்தான் அவளை மறித்து வைத்தேன். அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லவேண்டும், குறையாகச் சொல்ல வரவில்லை. செய்தி வந்தவுடனேயே மாணவர் சங்கத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலில் மேசை போட்டுவிட்டார்கள். குருநகரில் இருந்து கருவாடு மூட்டையாக வந்தது. தெல்லிப்பழையில் இருந்து பூசணிக்காய் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டி நிறைய வந்தது. அரிசியோடு கருவாட்டை ஒரே லொறியில் ஏற்றலாமா என்று சைவச் சாப்பாட்டுக்காரப் பேராசிரியர் ஒருவர் சண்டைக்கு நின்றார். குளிர் நாடு என்று யாரோ தங்கள் கலியாணக் கோட்சூட்டைக்கூடத் தந்திருந்தார்கள். சிரிப்புத்தான், ஆனால் பொதிகளைப் பிரித்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, பால்மா, பெண்களுக்கான துணி, வாளி, கயிறு. அகதியாக இருந்த சனத்துக்குத்தான் முதல் நாளில் என்ன தேவை என்று தெரியும். அதில் எங்களை யாரும் விஞ்ச முடியாது.

பிழை விட்டதும் அங்கேதான். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டோம்.

மேனகாவுக்கு அண்ணன் அழைத்த மறுநாள் காலை முழுவதும் நான் பல்கலைக்கழக மண்டபத்தில் பொதி கட்டிக்கொண்டு நின்றேன். மதியம், குனிந்து நிமிர்ந்த நாரி நோவோடு விடுதிக்கு வந்தால், குசினியில் புகை இல்லை. காஸ் தட்டுப்பாட்டுக் காலத்தில் கட்டின விறகடுப்புகள் அவை, எப்போதும் ஒன்றாவது எரிந்துகொண்டிருக்கும். அன்று எல்லாம் குளிர்ந்து கிடந்தன. சமையலுக்குப் பொறுப்பான கமலாக்கா வாசற்படியில் சும்மா குந்திக்கொண்டிருந்தார். கேட்டால், பிள்ளைகள் சமைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். கடைப் பாணும் வாழைப்பழமும் மேசையில் இருந்தன.

உங்களில் வெளியூர்க்காரர் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். எங்கள் ஊர்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பிரேதம் எடுக்கும்வரை அயல் வீடுகளிலும் அடுப்பு மூட்டமாட்டார்கள். யாரும் கட்டளை போட்டு நடப்பதில்லை. அது நாங்கள் கொடுக்கிற மரியாதை. மேனகாவின் லயம் மண்ணுக்குள் போய்விட்டது என்று கேள்விப்பட்டவுடன் விடுதிப் பிள்ளைகள் அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டார்கள். நல்ல மனசுதான். அதனால்தான் எனக்கு யாரையும் ஏசவும் முடியவில்லை.

உள்ளே போனேன். பொது அறையில் கதிரைகளைச் சுவரோடு வரிசையாகப் போட்டிருந்தார்கள். விரிவுரையாளர்கள், வேறு விடுதிப் பிள்ளைகள், நூலகத்தில் வேலை செய்கிறவர்கள் என்று ஆட்கள் வந்து வந்து இருந்தார்கள். வந்து, மேனகாவின் கையைப் பிடித்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, எழும்பிப் போனார்கள். அவள் நடுவில் இருந்தாள். சுடிதாரின் சோல் நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். பக்கத்துக் கதிரையில் ஒரு பெண், "பாவங்கள், தோட்டத்துச் சனம், ஆண்டாண்டாக் கஷ்டம்தானே" என்று மற்றவளுக்கு மெல்லச் சொன்னது எனக்கே கேட்டது. மேனகாவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். குசினிக்கு வாருங்கள் என்றாள். குளிர்ந்த அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்.

"மிஸ், எங்க அம்மா செத்துட்டாங்கன்னு உங்க யாருக்காச்சும் போன் வந்துச்சா?"

இல்லை என்றேன்.

"எனக்கும் வரல. அப்ப ஏன் அடுப்பு பத்த வைக்கல?"

எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியும், இரண்டு வருடம் எங்களோடு இருந்தவள். அதனால்தான் அந்தக் குளிர்ந்த அடுப்பு அவளுக்கு அப்படிப் பட்டது. பொது அறையில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாததை அது சொல்லிக்கொண்டிருந்தது.

"பத்த வைங்க மிஸ். எனக்குப் பசிக்குது. நான் சோறு சாப்பிடணும்."

கமலாக்காவைப் பார்த்தேன். அவர் என் சொல்லுக்காக நின்றார். மூட்டச் சொன்னேன்.

இரண்டு விறகு பிடிப்பதற்குள் துவாரகா ஓடி வந்துவிட்டாள். விடுதிப் பிள்ளைகளுக்குத் தலைவி அவள், நல்ல பிள்ளை, வாசலில் மேசை போட்டவர்களில் ஒருத்தி. கண் வீங்கியிருந்தது, தன் வீட்டுச் சாவு மாதிரி அழுதிருக்கிறாள்.

"மிஸ், மலைநாடே அழுதுகொண்டிருக்கேக்கை நாங்கள் சமைச்சுச் சாப்பிட்டா சனம் என்ன சொல்லும்?"

"சனம் சொல்லுறதைச் சொல்லட்டும்," என்றேன். "இது செத்தவீடு எண்டு சொல்லவேண்டியது அவள். அவள் இன்னும் சொல்லேல்லை."

துவாரகா மேனகாவைப் பார்த்தாள். மேனகா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று பூசணிக்காய்க் கறியும் சம்பலும். மேனகா இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். மற்றவர்கள் பாணைப் பிய்த்துக்கொண்டு அவளைப் பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள்.

பின்னேரம் அடுத்தது. விடுதி வாசலில் கறுப்புக் கரை போட்ட பதாகை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களின் வேகம் உங்களுக்குத் தெரியும். ஆள் போய்ச் சேர்ந்த சூடு ஆற முதல் சந்திக்குச் சந்தி கண்ணீர் அஞ்சலி தொங்கும். இதில், "எமது சக மாணவியின் அன்புத் தாயாருக்கு" என்று எழுதியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் முழங்கால் வலியே மறந்துபோனது. சங்கத் தலைவர் பெடியனைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொன்னேன்.

"அஞ்சலிதானே மிஸ். அதிலை என்ன பிழை?" என்றான். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான்.

"ஆருக்குத் தம்பி அஞ்சலி? அந்த மனுசியின்ரை பேரைச் சொல்லும் பாப்பம்."

அவன் துவாரகாவைப் பார்த்தான். துவாரகா நிலத்தைப் பார்த்தாள். எங்கள் அஞ்சலிகளில் பெயர் இல்லாமல் ஒன்று பார்த்திருக்கிறீர்களா? இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று, மருமக்கள் பேரப்பிள்ளைகள் வரை வரும். இந்த மனுசிக்கு ஒரு பெயர்கூட வரவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. பெடியன் பதாகையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனான்.

பிறகு பீடாதிபதி தொலைபேசியில் வந்தார். அவர் கெட்டவர் இல்லை, அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "அந்தப் பிள்ளை கனவிலை இருக்குது. நீங்களும் ஒத்து ஊதினா நாளைக்கு விழேக்கை பலமா விழும்" என்றார். நான் சொன்னேன், "விழேக்கை பிடிக்க நாங்கள் நிப்பம் சேர். இப்பவே தள்ளி விழுத்தவேண்டாம்." அவர், உங்கள் பொறுப்பு என்று வைத்துவிட்டார். இந்த 'உங்கள் பொறுப்பு' என்ற சொல்லை நீங்கள் நிறையக் கேட்பீர்கள். அதற்கு, பிழைத்தால் நான் உம்மோடு இல்லை என்று அர்த்தம்.

நான் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தேன் என்று சொல்லாமல் விட்டால் இந்தக் கதை அரைகுறை. என் அண்ணை ஒருவர் வன்னியில், யுத்தத்தின் கடைசிக் காலத்தில் காணாமல் போனவர். எங்கள் வீட்டுக்கும் சனம் நல்ல மனசோடுதான் வந்தது. அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடியுங்கோ, மனம் ஆறும் என்றார்கள். அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். கடைசிவரை அண்ணையின் படத்துக்கு மாலை போட விடவில்லை. அம்மா செய்தது சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அதை முடிவு செய்கிற உரிமை ஒழுங்கைச் சனத்துக்கு இருக்கவில்லை. இந்தக் குடாநாட்டில் இது தெரியாத வீடு குறைவு. அப்படியிருந்தும் எங்கள் பிள்ளைகளே அந்தக் கதிரைகளை வரிசையாகப் போட்டார்களே என்பதுதான் என்னைக் களைக்க வைத்தது.

பிறகு காத்திருந்தோம். காத்திருப்பதைத்தான் உங்களுக்கு யாரும் பயிற்சியில் சொல்லித் தரமாட்டார்கள். ஒன்றும் செய்ய இருக்காது, ஆனால் ஆள் மட்டும் அங்கே நிற்கவேண்டும். ஒவ்வொரு காலையும் மேனகா குசினிக்கு வருவாள். அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பாள். எரிந்தால், கமலாக்காவிடம் திருவலையை வாங்கித் தேங்காய் திருவுவாள். கைபேசியை மடியில் வைத்துக்கொண்டுதான் திருவுவாள். பிறகு விரிவுரைக்குப் போவாள். அவளோடு யாரும் அதிகம் கதைக்கவில்லை. என்ன கதைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. துக்கம் விசாரிக்க எங்களுக்குத் தெரியும், துக்கமா இல்லையா என்று தெரியாதவளோடு இருக்கத் தெரியாது.

இதற்கிடையில் எங்கள் குசினிப் புகையை யாரோ படமெடுத்து முகநூலில் போட்டுவிட்டார்கள். மலையகம் அழுகிறது, விடுதியில் விருந்து நடக்கிறது என்று எழுதியிருந்தது. பூசணிக்காய்க் கறி விருந்தாம்! அதற்குக் கீழே வந்து விழுந்ததை நான் இங்கே எழுதமாட்டேன். எனக்கு மேலே இருந்தவர்கள் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். துவாரகா என்னிடம் வந்து, உண்மையை எழுதிப் போடட்டுமா என்று கேட்டாள். மேனகாவின் பெயர் அதில் வருமே, வேண்டாம் என்றேன். என்னைத் திட்டிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன, ஓய்வுக்குப் போகிற கட்டை.

ஆனால் உங்களிடம் ஒன்றை மறைக்கமாட்டேன். அந்த மனுசி உயிரோடு இருக்கிறார் என்று நான் நம்பவில்லை. ஒரு காலையிலாவது நம்பவில்லை. செய்தியில் அந்தச் சரிவைப் பார்த்தேன், சிவப்பு மண் மட்டும்தான் இருந்தது. நம்பாமலேதான் ஒவ்வொரு காலையும் விறகு வைக்கச் சொன்னேன். அவளுக்கு நம்பிக்கை ஊட்டுகிற வேலை எனக்கு இல்லை. அவளிடம் இருந்ததைப் பறிக்காமல் இருப்பது என் வேலை. இரண்டும் வேறு. எது எது என்று அந்த நேரத்தில் எனக்கே தெளிவாக இருந்தது என்று சொல்லமாட்டேன், சில காலைகளில் பீடாதிபதி சொன்னதுதான் சரியோ என்றும் நினைப்பேன்.

மழை விட்டு வெயில் வந்த ஒரு காலை. கமலாக்கா அரிசி கழுவிக்கொண்டிருந்தார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் தேத்தண்ணிக்காகக் குசினியில் நின்றேன். மேனகா வந்தாள். தலை வாரி இழுக்கவில்லை. கைபேசி கையில் இருந்தது. வழமையாக எடுக்கிற திருவலையை எடுக்கவில்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கமலாக்காவுக்கும் விளங்கி, அரிசிச் சட்டியைக் கீழே வைத்தார்.

அவள் அடுப்புக்கு முன்னால் குந்தினாள். விறகை ஒன்றொன்றாக வெளியே இழுத்தாள். சுள்ளி விறகை முதலில், பிறகு பெரிய கட்டையை. புகை கண்ணில் அடித்தது, முகத்தைத் திருப்பவில்லை. நான் உதவிக்குக் குனியப் போனேன், கமலாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். சிரட்டையில் தண்ணீர் மொண்டு விறகின் மேல் மெல்ல மெல்லத் தெளித்தாள். கடைசிக் கட்டை சீறி அடங்கிய பிறகுதான் எழுந்தாள்.

"அண்ணன் அம்மாவைப் பாத்துட்டாரு, மிஸ்," என்றாள். "இன்னைக்குச் சமைக்க வேணாம்."

சரி பிள்ளை என்றேன். அவளைப் பிடித்துக்கொண்டேன், அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

பொது அறைக்குப் போய் அவளாகவே ஒரு கதிரையில் இருந்தாள். சொல்லாமலே செய்தி பரவியது. முதல் நாள் வந்த அதே ஆட்கள் வந்தார்கள், அதே கதிரைகளில் இருந்தார்கள், அதே மாதிரிக் கையைப் பிடித்தார்கள். இப்போது அவள் அந்தக் கைகளை விடாமல் பிடித்துக்கொண்டாள். எங்கள் வழக்கத்தில் ஒரு குறையும் இல்லை என்று அன்று நினைத்தேன். வீதி அதற்குள் திறந்திருந்தது. அவளை அவளுடைய ஊருக்குக் கூட்டிப்போக வாகனம் ஒழுங்கு செய்ததும், கமலாக்கா கூடப் போனதும், சங்கத் தலைவர் பெடியன் தானே முன் சீற்றில் ஏறி இருந்ததும் எல்லாம் அன்றைக்குத்தான்.

வாகனம் வர முதல், அந்தப் பெடியனும் துவாரகாவும் அவளுக்கு முன்னால் நிலத்தில் வந்து இருந்தார்கள். நான் அனுப்பவில்லை. துவாரகாதான் கேட்டாள்.

"மேனகா, அம்மாவின்ரை பேர் என்ன?"

மேனகா அவளை நிமிர்ந்து பார்த்தாள். எங்களோடு இருந்த இரண்டு வருடத்தில் அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"மாரியாயி," என்றாள். "பெரியசாமி மாரியாயி. பொறந்ததும் அந்தத் தோட்டந்தான், இருந்ததும் அந்தத் தோட்டந்தான். வேற ஊரே பாத்ததில்ல. என்னோட பட்டமளிப்புக்கு இங்க வர்றேன்னு சொல்லிட்டிருந்தாங்க."

அப்போதுதான் அவள் அழுதாள். அன்று முழுக்க எங்கள் விடுதியில் அடுப்பு எரியவில்லை.